கேபிள் எவ்வளவு நீளம் என்று புரதத்துக்குத் தெரியாது: ஃப்ளாஷ் ஃபோட்டாலிசிஸில் முதல் சிக்னல் எடுப்பது எப்படி

எங்கள் லேசர் மேசைக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் கையில் கொடுப்பது மையோகுளோபின்தான். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் சின்னப் புரதம். அதன் ஹீமில் (நடுவில் இரும்பு உள்ள பகுதி) கார்பன் மோனாக்சைடு வாயுவை ஒட்டவைத்து ஒரு லேசர் துடிப்பு அடித்தால் பிணைப்பு அறுந்துவிடும். பிறகு வாயு தானாகவே வந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். எத்தனை தடவை அடித்தாலும் பழைய நிலைக்கே திரும்புவதால், கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது. ஒளி பட்டால் இந்தப் பிணைப்பு விடுபடும் என்பதை ஹால்டேனும் லோரன் ஸ்மித்தும் 1890களிலேயே ஹீமோகுளோபினில் பார்த்துவிட்டார்கள். துடிப்பு அடித்துவிட்டு அடுத்து நடப்பதை அளக்கும் இந்த ஃப்ளாஷ் ஃபோட்டாலிசிஸ் முறை 1949-இல் நாரிஷ், போர்ட்டர் இருவரிடமிருந்து வந்தது. 1967-இல் நோபல் பரிசும் வந்தது.

முதலில் மாதிரி. விலைக்குக் கிடைக்கும் குதிரை இதய மையோகுளோபின் பழுப்புப் பொடி. அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும்; அப்படியே விட்டால் வாயு ஒட்டாது. பி.எச். 7 பாஸ்பேட் பஃபரில் முதலில் வாயுவைக் குமிழியாக விட்டு நிரப்புங்கள், புரதத்தைப் பிறகு சேருங்கள். வரிசை மாறினால் மோர் கடைந்த மாதிரி நுரைக்கும். நுரையில் புரதம் கெடும். 5 மைக்ரோமோலார் போதும். பிறகு, இரும்பின் ஆக்சிஜனேற்றத்தை நீக்க, ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட். வெளிறிய பழுப்பு கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் உச்சி 409 நானோமீட்டரிலிருந்து 423-க்கு நகர்ந்திருந்தால் மாதிரி தயார். இதெல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு), வாயு அலாரம் ஓடும்போது மட்டும். இந்த நஞ்சுக்கு வாசனையே இல்லை.

அடிக்கும் ஒளி என்.டி.யாக் லேசரின் 532 நானோமீட்டர் பச்சை. துடிப்பின் அகலம் சுமார் 6 நானோசெகண்ட். பார்க்கும் ஒளி ஒரு செனான் விளக்கு. விளக்குக்கும் கியூவெட்டுக்கும் (மாதிரி இருக்கும் சின்னக் குடுவை) நடுவில், ஒரே அலைநீளத்தை மட்டும் விடும் ஒரு மோனோகுரோமேட்டர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் விளக்கின் வெளிச்சமே பிணைப்பை அறுக்க ஆரம்பித்துவிடும். பச்சை ஒளி விழும் இடத்துக்குள் பார்க்கும் கற்றை முழுசாக அடங்க வேண்டும். வாட்ச், மோதிரம் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனிகையில்தான் கண் பீமின் உயரத்தைக் கடக்கும். ஷட்டரை மூடிவிட்டுக் குனியுங்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. முதல் வருடம் மோனோகுரோமேட்டரை 423-இல் வைத்து அளந்தேன். ஆசிலோஸ்கோப்பில் கூரான ஓர் ஏற்றம், 200 நானோசெகண்டுக்குப் பக்கத்தில் ஓர் இறக்கம், அப்புறம் மில்லிசெகண்ட் கணக்கில் மெதுவான சரிவு. அறுந்த வாயு மூலக்கூறுகளில் சில, புரதத்தைவிட்டு வெளியேறாமல் உள்ளேயே திரும்ப ஒட்டும், அதற்கு ஏறக்குறைய 180 நானோசெகண்ட் ஆகும் என்று படித்திருந்தேன். கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன்.

“இந்த வேக இறக்கம் மொத்தத்துல எவ்வளவு?”

“முப்பது சதவீதம் இருக்கும்க்கா.”

“சில சதவீதம்தான் வரணும். கேபிளை மாத்திட்டு எடு.”

டிடெக்டரிலிருந்து ஆசிலோஸ்கோப்புக்குப் போகும் 2 மீட்டர் கேபிளைக் கழற்றி அரை மீட்டர் போட்டேன். 200 போய் 70 ஆனது. “கேபிள் எவ்வளவு நீளம்னு புரதத்துக்கு எப்படிடா தெரியும்?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கணக்கு இதுதான். கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம். ஸ்கோப்பின் பங்கு இன்னொரு 20. நான் போட்டிருந்த மின்தடை 1 கிலோஓம். பெருக்கிப் பாருங்கள்: 220 நானோசெகண்ட். அரை மீட்டருக்கு 70. சிதறிய பச்சை ஒளி, ஒளியை மின்சிக்னலாக்கும் டிடெக்டரான ஃபோட்டோமல்டிப்ளையருக்குள் நுழைந்து ஒரு முள்ளை உண்டாக்கியிருக்கிறது. அது வடிய ஆன நேரத்தைத்தான் நான் புரதத்தின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

அதனால் நானோசெகண்ட் பார்க்கும்போது ஸ்கோப் முனையில் 50 ஓம் மின்தடை. மில்லிசெகண்டுக்கு 1 கிலோஓம் தாராளம். 50 ஓமில் வோல்டேஜ் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்பதால் விளக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். டிடெக்டருக்கு முன்னால் நீலத்தை விட்டுப் பச்சையைத் தடுக்கும் ஃபில்டர் வையுங்கள். விளக்கை மறைத்து லேசரை மட்டும் அடித்து ஒரு பதிவு எடுத்துக் கழித்துவிடுங்கள். அப்புறமும் சந்தேகம் தீராவிட்டால் மோனோகுரோமேட்டரை 436-க்குத் திருப்புங்கள். பிணைப்பு அறுந்தால் 423-இல் உறிஞ்சல் குறையும், 436-இல் கூடும். ஆகவே நிஜ சிக்னல் தலைகீழாகும். சிதறல் முள் மட்டும் அதே திசையில் நிற்கும். இந்த ஒரு சோதனையை அன்றைக்கே செய்திருந்தால் அக்காவின் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஸ்கோப் பெரும்பாலும் 8 பிட். திரை உயரம் முழுவதற்கும் 256 படிகள்தான். லேசர் அடிக்காத நிலையில் வரும் வோல்டேஜைத் தனியாகக் குறித்துக்கொண்டு, ஆஃப்செட் கொடுத்து, மாறும் பகுதியை மட்டும் திரை நிறையப் பெரிதாக்குங்கள். உறிஞ்சல் மாற்றம் என்பது அந்த வோல்டேஜை அப்போதைய வோல்டேஜால் வகுத்து எடுக்கும் பத்தடி லாக். 64 தடவை சராசரி எடுத்தால் இரைச்சல் எட்டில் ஒன்றாகும். நொடிக்கு ஒரு துடிப்பு போதும்.

வாயு நிறைந்த பஃபரில் அது சுமார் 1 மில்லிமோலார் இருக்கும். புரதத்தைவிடப் பல மடங்கு. அதனால் மெதுவான சரிவு ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலாக, 2 மில்லிசெகண்டை ஒட்டி வர வேண்டும். அடுத்து, நைட்ரஜனோடு பாதிக்குப் பாதி கலந்த வாயுவில் இன்னொரு கியூவெட் போடுங்கள். வாயு பாதியானால் ஒட்டும் நேரம் இரட்டிக்கும்; 4 மில்லிசெகண்ட் வந்தால் உங்கள் மேசை சரி. 2-லேயே நின்றால் கேபிளில் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்.