இருபத்துமூன்றாம் எண்ணில் இரண்டு சொனாட்டாக்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் டொமெனிக்கோ ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களில் (விசைப்பலகைக் கருவிக்கான சிறு இசைப்படைப்புகளில்) எனக்குப் பிடித்தவற்றின் இசைத்தாள்களைப் பியானோவில் வாசிப்பதற்காகச் சேகரித்து வருகிறேன். சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய பழைய தொகுதியில் 23ஆம் எண் ஈ மேஜர் ஸ்கேலில், நான்கு ஷார்ப்புகளுடன் (சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறிகளுடன்) இருந்தது. கணினியில் நான் '23' என்று சேமித்திருந்ததோ டி மேஜரில், இரண்டே ஷார்ப்புகளுடன் இருந்தது.

கோப்புதான் தவறு என்று எண்ணி மீண்டும் பதிவிறக்கினேன். பிறகு, சுருதி மாற்றி அச்சிட்டிருப்பார்களோ என்று இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். மெட்டே வேறாக இருந்தது. நான்கு மாலைகள் இப்படியே போயின.

பழைய தொகுதியில் எண்ணுக்கு முன்னால் பொடியாக 'எல்' என்ற எழுத்து இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அது 1906இல் வெளிவரத் தொடங்கிய அலெஸ்ஸாண்ட்ரோ லாங்கோ பதிப்பின் எண். என் கோப்பில் இருந்ததோ ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1953இல், இயன்றவரை கால வரிசைப்படி, வகுத்த 'கே' எண். லாங்கோவின் 23 கிர்க்பாட்ரிக்கிடம் 380 ஆகிவிடுகிறது. லாங்கோவின் பிற்சேர்க்கைக்கு 'எல்', 'எஸ்' என இரண்டு எழுத்துகள் உண்டு. பெயரிடும்போது அந்த 'எஸ்' விடுபட்டால் இன்னொரு சொனாட்டாவோடு கலந்துவிடும். என்னிடம் இரண்டு கோப்புகள் அப்படித்தான் கலந்திருந்தன.

கே எண், எல் எண், ஸ்கேல், தாளக்குறி என்ற வரிசையில் எல்லாவற்றுக்கும் புதிதாகப் பெயரிட்டு, இசைத்தாளின் முதல் நான்கு தாளக் கட்டங்களை வாசித்துச் சரிபார்த்தேன். இப்போது 380ஐத் தேடினால் ஈ மேஜர் சொனாட்டாவே திறக்கிறது; நிம்மதியாக இருக்கிறது.