மிளகாய் வத்தலில் பூஞ்சை நஞ்சு: மூட்டையிலிருந்து ஜாடி வரை கவனிக்க வேண்டியவை

வருஷத்துக்கான மிளகாய்ப்பொடியைக் கோடை வெயிலில் காயவைத்துத் திரித்து வைக்கும் வழக்கம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பொடியில் நஞ்சு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், ஒரு நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். வறுத்தால் போய்விடும், குழம்பில் கொதித்தால் போய்விடும் என்பது உண்மையில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் 237 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் சிதையத் தொடங்கும். குழம்பு கொதிப்பது 100 டிகிரியில். காய்ந்த எண்ணெயே 180ஐ ஒட்டித்தான். வறுப்பதில் நஞ்சு கொஞ்சம் குறையலாம், தீராது. பூஞ்சை செத்தாலும் அது விட்டுப்போனது பொடியில் கிடக்கும். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள் இது. ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. நஞ்சு வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. வருமுன் ஈரத்தை நிறுத்துவதுதான் வேலை முழுவதும்.

வாங்கும்போது

ராமநாதபுரம் முண்டும் சம்பாவும் புதிதாக வரும் மாசி, பங்குனியில் வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தைத் தாண்டிக் கிடந்த பழைய சரக்கு மலிவாக வந்தாலும் வேண்டாம். மூட்டை வாயில் இருப்பது எப்போதும் நல்ல காயாகத்தான் இருக்கும். கையை உள்ளே விட்டு நடுவிலும் அடியிலும் அள்ளுங்கள். மக்கின வாடை அடித்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

வாடை இல்லையென்றால் 20 காய்களை எடுத்து, கத்தரியால் நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். கெட்ட காயிலும் மேல்தோல் சிவந்து பளபளக்கும். உள்ளே விதை ஒட்டியிருக்கும் தண்டில் சாம்பல்பச்சையாகப் பொடி படிந்திருக்கும். காம்பு கழன்ற துளை வழியாகவும் புழு போட்ட ஓட்டை வழியாகவும் பூஞ்சை உள்ளே போய்விடுகிறது, வெளியே தடயமே இருக்காது. அதனால்தான் காம்போடு இருக்கும் வத்தலை வாங்கச் சொல்கிறோம். விதை வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். கறுத்த விதையும் பொடி படிந்த தண்டும் ஒரே ஒரு காயில் தெரிந்தாலும் அந்த மூட்டை வேண்டாம். வெளுத்துப்போன வத்தலை “பொடிக்குத்தானே” என்று விலை குறைத்துத் தருவார்கள். பொடிக்குத்தான் அது ஆகவே ஆகாது. அரைத்தபின் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

சித்திரை வெயிலிலும் மடக்கினால் தோல் போல வளைகிற வத்தலில் ஈரம் இருக்கிறது. உடையாமல் இருக்கவும் எடை நிற்கவும் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. மற்ற மசாலாச் சாமான்களில் ஜாதிக்காயை உடைத்துப் பார்த்து வாங்குங்கள், அதிலும் இதே நஞ்சு சேரும். பட்டைக்கும் கிராம்புக்கும் அவற்றின் எண்ணெயே ஓரளவு காவல்.

காயவைத்தல்

பெரிய வீடுகளின் முற்றத்தில் வெயில் சில மணி நேரம்தான் விழும், மொட்டைமாடி நல்லது. தரையில் நேராகக் கொட்டாமல் சுத்தமான தார்ப்பாயிலோ கட்டில் மேல் விரித்த துணியிலோ பரப்புங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். பகலில் மூன்று தடவை கிளறிவிடுங்கள். பொழுது சாயுமுன் அள்ளிவிட வேண்டும், பனி இறங்கினால் பகல் காய்ந்தது வீண். சூடாக இருக்கும்போது குவித்துத் தார்ப்பாயால் மூடுவது அதைவிடக் கெடுதல்: உள்ளே வேர்த்துவிடும். வீட்டுக்குள் பரப்பியே வையுங்கள்.

முண்டு உருண்டையாக, தோல் கனமாக இருப்பதால் சம்பாவைவிடக் கூடுதல் நாள் கேட்கும். குலுக்கினால் விதை சலசலக்கும், ஆனால் காம்படியில் ஈரம் கடைசிவரை நிற்கும். அரை கிலோவை ஒரு மாலை நிறுத்து, மறுநாள் முழுக்கக் காயவைத்து மாலையில் மறுபடி நிறுங்கள். 10 கிராமுக்கு மேல் குறைந்தால் இன்னும் காயவில்லை. இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானியை வத்தலோடு கண்ணாடி ஜாடியில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, ஒரு இரவு வீட்டுக்குள் வையுங்கள். காலையில் 65 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டினால் பயமில்லை. 70ஐத் தாண்டினால் திரும்ப வெயில். 80க்கு மேல் என்றால் இந்தப் பூஞ்சை வளர்வதற்கு வேண்டிய ஈரம் அங்கே இருக்கிறது.

திரித்த பிறகு

மில்லில் இருந்து பொடி கை சுடும் சூட்டில் வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, பொடி மேல் சொட்டும். மேலே கட்டி தட்டுவது அதனால்தான். பூஞ்சை பிடிக்கும் இடமும் அதுவே. நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி, நன்றாக ஆறியபின் அடையுங்கள்.

வருஷத்துக்கும் சேர்த்துத் திரிப்பதைவிட வத்தலாக வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரிப்பது நல்லது. மூட்டையைப் பலகை மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ந்து ஈரம் பூக்கும். வெறும் சாக்கு அதை அப்படியே உறிஞ்சும். பெரிய ஜாடியை அடுப்பங்கரைக்குக் கொண்டுவராமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதை அஞ்சறைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கிற சட்டிக்கு மேல் டப்பாவைச் சாய்த்துப் பொடி போடுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஆவி உள்ளே போகிறது.

வத்தலிலோ பொடியிலோ பூஞ்சை பூத்துவிட்டால் மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். கழுவிக் காயவைத்தும் பயனில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலை, கொப்பரை, புண்ணாக்கு எதையும் மாட்டுக்கு வைக்கக் கூடாது. நஞ்சு எம்1 என்ற வடிவில் பாலில் வந்துவிடும்.

பொடி விற்பவர்கள் ஆய்வகத்தில் பார்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் மசாலாப் பொருளுக்கு மொத்த அஃப்ளடாக்சின் வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் மிளகாய்க்கு 10, அதில் பி1 வகை 5ஐத் தாண்டக் கூடாது. நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, நாலைந்து காயிலேயே முழுதும் குவிந்திருக்கலாம். ஒரு கைப்பிடி அனுப்பிவிட்டு வரும் முடிவை நம்ப முடியாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்துச் சேர்த்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி அனுப்புங்கள்.