ஹார்மோனா எச்ஐவி மாத்திரையா? ரெண்டுல ஒன்ன விட்டுடாதீங்க

மலேசியால கேஎல்ல (கோலாலம்பூர்) நர்ஸா இருக்கேன், எங்க கிளினிக்குக்கு வர்ற திருநங்கைங்க அடிக்கடி கேக்குறது இதுதான்: "மிஸ்ஸி, இந்த மாத்திரை போட்டா ஹார்மோன் வேலை செய்யாதாமே?" யாரோ தோழி சொல்லியிருப்பாங்க, ஒடனே எச்ஐவி மாத்திரைய நிப்பாட்டிடுவாங்க. ப்ளீஸ் வேணாம். டோலுடெக்ராவிர், டெனோஃபோவிர்ங்கற எச்ஐவி மாத்திரை ரெண்டும் நீங்க எடுக்கற பொம்பள ஹார்மோன், அதான் ஈஸ்ட்ரோஜன், அத கொறைக்காது. எஃபாவிரென்ஸ்னு பழைய மாத்திரை, அது கொறைக்கலாம், ஆனா அதுக்கு வழி டாக்டர்ட்ட சொல்லி மாத்திக்கிறதுதான், நீங்களே நிறுத்துறது இல்ல. நிறுத்துனா வைரஸ் திரும்ப ஏறிடும், மருந்துக்கு அடங்காமலும் போயிடலாம்.

அடுத்தது கடைல வாங்குற பேமிலி பிளானிங் மாத்திரை. சீக்கிரம் ரிசல்ட் வேணும்னு நாளுக்கு மூணு நாலுன்னு முழுங்குறாங்க. அதுல இருக்கற எத்தினில் ஈஸ்ட்ராடியோல்ங்கற ஹார்மோன் ரத்தத்த கட்டியாக்கும், சிகரெட் வேற பிடிச்சா கேக்கவே வேணாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்குனாலோ ஒடனே எமர்ஜென்சி.

ஆம்பள ஹார்மோன அடக்கறதுக்கு ஸ்பைரோனோலாக்டோன் போடுறவங்க எங்கள்ட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. சிடி4 (எதிர்ப்பு சக்தி செல் எண்ணிக்கை) 200க்கு கீழ இருந்தா வேற தொற்று வராம இருக்க பாக்ட்ரிம்ங்கற மருந்து குடுப்போம், இதுவும் ஸ்பைரோனோலாக்டோனும் ரெண்டுமே பொட்டாசியத்த ஏத்தும், ரொம்ப ஏறுனா இதயத்துடிப்பே தாறுமாறாயிடும், அதனால ரத்தத்துல செக் பண்ணிட்டே இருக்கணும். கேஸ்ட்ரிக்குக்கு அலுமினியம், மெக்னீசியம் இருக்கற ஆன்டாசிட் போட்டாலும் சொல்லிடுங்க, அது டோலுடெக்ராவிர ஒடம்புல சேர விடாது, அதனால டோலுடெக்ராவிர அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி இல்லன்னா 6 மணி நேரம் கழிச்சு போடுங்க.

ஆனா சொல்லாம மறைக்கிறாங்களேன்னு அவங்கள மட்டும் திட்டி என்ன பண்றது? கவுண்டர்ல ஐசில (அடையாள அட்டை) இருக்கற ஆம்பள பேர சத்தம் போட்டு கூப்புட்டா ஹால்ல உக்காந்திருக்கற எல்லாரும் திரும்பி பாக்குறாங்க, அதுக்கப்புறம் அந்த அக்கா உள்ள வந்து என்ன பேசுவாங்க, அடுத்த அப்பாயின்மெண்டுக்கு வருவாங்களா? நானே ஆரம்பத்துல இப்படி கூப்புட்டு ஒருத்தங்க எந்திரிக்கவே இல்ல, அப்படியே கிளம்பி போயிட்டாங்க, இன்னும் மனசுல இருக்கு. நம்பர் சொல்லி கூப்புடலாம், என்ன பேர்ல கூப்புடணும்னு கேட்டு கார்டுல எழுதி வச்சுக்கலாம், இதுக்கு காசா பணமா லா?

எச்ஐவி இல்லாதவங்களுக்கு அது வராம தடுக்க முன்கூட்டியே போடுற ப்ரெப் மாத்திரை இருக்கு, 2023ல இருந்து சில கவர்மெண்ட் கிளினிக்ல ஃப்ரீயாவே குடுக்கறாங்க. ஆம்பளைங்க சில பேரு உறவுக்கு முன்னாடி 2, அப்புறம் 1, 1னு போடுவாங்க, அத பாத்து ஹார்மோன் எடுக்குறவங்க போடக்கூடாது. உங்களுக்கு தெனமும் ஒண்ணு.

காண்டம் கிழிஞ்சுதுன்னா பெப், அதாவது எச்ஐவி தொத்தாம இருக்க அப்புறமா போடுற மருந்து, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் விடாம போடணும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆச்சுன்னு வைங்க, திங்கக்கிழமை கிளினிக் தொறக்கட்டும்னு இருந்தா பாதிக்கு மேல போயிடும், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போய் கேளுங்க.