பேக்ஹோ லோடரில் முன் டயரும் பின் டயரும் பொருந்துகின்றனவா? சுண்ணக்கட்டியால் சோதிக்கும் முறை

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பேக்ஹோ லோடரில் (முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள வண்டி) முன் டயர்களை மட்டும் மாற்றிய பிறகு ஆக்சில் எண்ணெய் அதிகம் சூடானாலோ, புது டயரின் பட்டன்கள் (தரையைப் பற்றும் மேடுகள்) சீக்கிரம் தேய்ந்தாலோ, முதலில் டயர் அளவைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பேக்ஹோக்களில் இரு ஆக்சில்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) இல்லாததால், முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைக் கியர்களே தீர்மானிக்கின்றன. டயர் உருளும் தூரம் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகாதபோது, மண் தரையில் சக்கரம் சறுக்கி வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். கான்கிரீட்டிலோ முன் சக்கரங்களுக்குச் சக்தியைக் கடத்தும் ஷாஃப்ட், அதன் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட், ஆக்சிலின் சிறு கியரான பினியன் ஆகியவையே அந்த முறுக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

டயரில் அச்சிட்ட அளவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே அளவு குறித்த டயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். மேலும் 1 மீட்டர் விட்டமுள்ள டயரில் பட்டன் 15 மி.மீ. தேய்ந்தாலே உருளும் தூரம் சுமார் 3% குறைந்துவிடும்.

படி 1: டயர்கள் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் உள்ளபடி காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள்.

படி 2: ஒரு முன் சக்கரத்திலும் ஒரு பின் சக்கரத்திலும் சுண்ணக்கட்டியால் கோடிடுங்கள். முன் சக்கரத்தின் சுற்றைப் பத்துச் சம பாகங்களாகவும் பிரித்துக் குறியுங்கள்.

படி 3: பக்கெட்டில் சுமையின்றி, சமதரையில், நேர்கோட்டில் மெதுவாக ஓட்டுங்கள். உதவியாளர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நடந்தபடி, பின் சக்கரம் 10 சுற்று முடிப்பதற்குள் முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என எண்ண வேண்டும். முன் இயக்கத்தை (முன் சக்கரங்களுக்கு எஞ்சின் சக்தி செல்வதை) விடுவித்து ஒரு முறையும், இணைத்து ஒரு முறையும் ஓட்ட வேண்டும்.

கணக்கு பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். முழுச் சுற்றுகளை மட்டும் எண்ணினால் விடை பயன்படாது, ஏனெனில் பத்தில் ஒரு பங்கு சுற்றே ஏறத்தாழ 0.7% வேறுபாட்டைக் காட்டும். விடுவித்தபோது 14.9, இணைத்தபோது 15.3 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடான 0.4-ஐ 14.9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 2.7% வரும், முன் சக்கரங்கள் அந்த அளவுக்கு முந்தி ஓடுகின்றன.

படி 4: பொதுவாக 1 முதல் 5% வரை முந்துவது ஏற்கத்தக்கது, கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கின்றன. பொருத்தமான டயர் கிடைக்கும் வரை கடினத் தரையில் முன் இயக்கத்தை இணைக்காதீர்கள். காற்றழுத்தத்தைப் பரிந்துரைத்த அளவுக்கும் கீழே குறைத்துக் கணக்கைச் சரிக்கட்டுவதை நான் ஏற்பதில்லை. அது டயரையே கெடுக்கும். புது டயர் வாங்கும்போது உருளும் சுற்றளவைக் கேட்டு வாங்குவதே சிறந்தது.

பின்சேர்க்கை: இரண்டு ஓட்டங்களிலும் ஒரே எண்ணிக்கை வருவதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பல பேக்ஹோக்களில் பிரேக்கை மிதித்ததும் முன் இயக்கம் தானாக இணைந்துவிடும். எனவே, விடுவித்து ஓட்டும்போது எண்ணி முடியும் வரை பிரேக்கைத் தொடாதீர்கள்.