பேருந்திலேயே செபமாலை

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தினமும் பேருந்தில் போய் வருகிறீர்களா? மணிகளை எண்ணி மரியாவிடம் வேண்டும் செபமாலைக்கு நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். நிதானமாகச் சொன்னாலும் 20 நிமிடம்தான் ஆகும். நின்றுகொண்டு போகிறீர்கள், மாலையை எடுக்க முடியவில்லையா? சரி, ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கட்டும். மறு கையின் ஐந்து விரல்களையும் இரண்டு சுற்று எண்ணினால் பத்து ‘அருள்நிறை மரியே’ செபம், அதாவது ஒரு பத்து, முடிந்துவிடும்.

செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகள்தான் மறைபொருள்கள்; கிழமைக்கு ஒரு வகை. திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள்கள் வியாழனுக்கு. ஒவ்வொரு பத்துக்கு முன்பும் அதற்குரிய நிகழ்ச்சியை ஒரு நிமிடம் மனக்கண்ணில் பாருங்கள். என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். வாய் மட்டும் ஓடினால் மனம் ஒட்டாது. நடுவில் இறங்க நேர்ந்தால், மீதியை மாலையில் திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம்.