நாட்டு வண்டியா, சீமை வண்டியா? உப்புக்காத்து ஊர்ல கார் பார்த்து வாங்குற முறை

எங்க டிங்கர் பட்டறை கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல, ஈசிஆர் ஓரத்துல இருக்கு. பழைய கார் வாங்கப் போறவங்க இங்க வந்து ஒரு பஞ்சாயத்து வைக்காமப் போறதில்ல. துபாய், குவைத்துன்னு இருந்துட்டு வந்த சபராளி ஒருத்தர், "அங்க ஓடுற ஜப்பான் வண்டிக்கு இங்க உள்ளது எதுவும் ஈடாகாது"ன்னு ஆரம்பிப்பார். கூட வந்த மச்சான் விட மாட்டார். "டாடா கதவைச் சாத்திப் பாருங்க காக்கா, சத்தத்துலயே தெரியும்" என்பார். (எங்க பக்கம் காக்கான்னா அண்ணன்.) டீ ஆறும், முடிவு வராது. கடைசியில ரெண்டு பேரும் என்னைப் பார்ப்பாங்க.

நான் இஞ்சின் மெக்கானிக் இல்ல. தகடு வெட்டி ஒட்டுறவன். அதனால என் பதில் வண்டிக்கு அடியில இருந்துதான் வரும். இந்தக் கடற்கரையில ஒரு காரோட ஆயுசு எந்த நாட்டுக் கம்பெனிங்கிறதை விட, அது ராத்திரி எங்க நின்னுச்சு, எந்தத் தண்ணியில குளிச்சுச்சுங்கிறதைத்தான் பொறுத்தது. ஆனா அதைச் சொன்னா சண்டை முடியாது. முதல்ல சண்டையை முடிக்கிற வழியைச் சொல்றேன்.

சேஸிஸ் நம்பரைப் படிங்க

ஆர்சியில பதினேழு இலக்கத்துக்குச் சேஸிஸ் நம்பர் இருக்கும். வண்டியிலயும் அடிச்சிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணான்னு பாக்குறது எப்படியும் உங்க வேலை. அதுல முதல் எழுத்து 'எம்', அடுத்தது 'ஏ'யில இருந்து 'இ' வரைக்கும் ஏதோ ஒண்ணுன்னா அது இந்தியாவுல செஞ்ச வண்டி. 'ஜே' ஜப்பான், 'டபிள்யூ' ஜெர்மனி, 'கே'ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் கொரியா. மாருதிக்கு எம்ஏ3, டாடாவுக்கு எம்ஏடி (MAT), ஹூண்டாய்க்கு எம்ஏஎல், டொயோட்டாவுக்கு எம்பிஜேன்னு வரும். நீங்க ஜப்பான் வண்டின்னு மார்தட்டுற இன்னோவா பெங்களூருக்குப் பக்கத்துல பிடதியில செஞ்சது. கொரியா வண்டின்னு சொல்ற ஹூண்டாய் 1998லயே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில சான்ட்ரோவை இறக்கிருச்சு.

உள்ளுக்குள்ள போனா இன்னும் குழப்பம். ஸ்விஃப்ட் டீசல்ல இருந்த 1.3 லிட்டர் இஞ்சினும், டாடா விஸ்டாவுல இருந்ததும் ஒரே ஃபியட் இஞ்சின்தான். டொயோட்டா கிளான்சாவைத் திறந்தா மாருதி பெலினோ. ஃபோர்டு ஈகோஸ்போர்ட் சென்னையில இருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போச்சு; அங்க உள்ளவனுக்கு அதுதான் இறக்குமதி வண்டி. 2025ல ஜப்பான்ல சுசூகி இறக்கின ஐந்து கதவு ஜிம்னி குருகிராம்ல செஞ்சது. அங்க முன்பதிவு குமிஞ்சு, கொஞ்ச நாளைக்கு நிறுத்தியே வச்சாங்க. இதைச் சொன்னா எங்க ஊர் காக்காமார் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துவாங்க.

வளைகுடாவுல ஓட்டுன வண்டியையே கொண்டு வந்துரலாமான்னும் கேக்குறாங்க. அங்க உள்ளது இடது பக்க ஸ்டியரிங். இறக்குமதி விதிப்படி பழைய வண்டின்னா வலது பக்க ஸ்டியரிங் இருக்கணும், செஞ்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. சுங்க வரி வேற வண்டி விலையையே தாண்டும். அந்த ஆசையை விட்டுருங்க.

அங்க வண்டி கெடாம ஓடுனது உண்மைதான், நான் மறுக்கல. துபாய்லயும் கடல்தான், உப்புதான். ஆனா அங்க தேதி தவறாம சர்வீஸ் விடுறாங்க, நல்ல தண்ணியில கழுவுறாங்க, சில வருஷத்துல மாத்திடுறாங்க. அதே கவனிப்பு கிடைச்சா நம்ம ஊர் வண்டியும் நின்னு உழைக்கும்.

உப்பு என்ன பண்ணுது

கடற்காத்துல வர்ற உப்பு தகட்டு மேல பொடியா படியும். காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாப்பாட்டு உப்பு தானாவே தண்ணி விடும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு. அது அந்த 75 சதவீதத்துக்கு ரொம்ப முன்னாடியே ஈரத்தை இழுத்துக்கும். அதனால நமக்குக் காய்ஞ்ச மாதிரி தெரியிற வண்டி, மடிப்புக்குள்ள நனைஞ்சேதான் கிடக்கு. பாம்பனைத் துருவுக்கு உலகத்துல மியாமிக்கு அடுத்த இடம்னு சொல்வாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டிருக்காங்க. உங்க காருக்கு யார் போட்டா?

"அம்பாசடர் காலத்துத் தகடு மாதிரி வருமா"ன்னு பெருசுங்க கேப்பாங்க. தகடு தடிமன்தான், ஓட்டை விழ நாளாகும், விழுந்தாலும் கேஸ் வெல்டிங் வச்சு ஒட்டிக்கலாம். அதுக்காகத் துருப்பிடிக்காதுன்னு இல்ல. இன்னைக்கு வண்டிகள்ல நிறைய இடத்துல துத்தநாகம் பூசுன மெலிசு தகடு. துருவைத் தாங்குறதுல அதுவே மேல். ஆனா என்னை மாதிரி ஆள் அதுல சூடு வச்சா பூச்சு எரிஞ்சிரும், உயர்பலத் தகடோட வலுவும் போயிரும். அதனால விபத்துல அடிபட்டு ஒட்டுன புது வண்டி, இந்த ஊர்ல அடிபடாத பழைய வண்டியை விட மோசம். கதவுச் சத்தத்தை வச்சுப் பாதுகாப்பை அளக்காதீங்க. அதுக்கு மோதல் சோதனை நட்சத்திரம் இருக்கு. 2018ல நெக்ஸான் குளோபல் என்கேப்ல அஞ்சு நட்சத்திரம் வாங்குச்சு, 2023 அக்டோபர்ல இருந்து நம்ம பாரத் என்கேப்பே வந்துருச்சு. நீங்க பாக்குற மாடல், அந்த வருஷத்து வண்டி என்ன வாங்குச்சுன்னு தேடிப் பாருங்க.

குனிஞ்சு பாக்குறது

வண்டியைக் காலையில பாருங்க. சாயங்கால வெளிச்சத்துல பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்க அப்புற பூச்சு, தெரியாது. கையில ஒரு டார்ச், பழைய ஸ்குரூடிரைவர், துணி சுத்துன சின்னக் காந்தம், கீழ விரிக்க ஒரு சாக்கு இருந்தாப் போதும். விக்கிறவர் கூச்சப்பட்டு, "அதெல்லாம் எதுக்கு பாய், கண்டிஷன் வண்டி"ன்னா, அங்கயே பாதி பதில் கிடைச்சிருச்சு.

அடியில புதுசா பளபளன்னு கறுப்பு கோட்டிங் அடிச்சிருந்தா நான் முதல்ல சந்தேகப்படுவேன். துருவைச் சுரண்டாம அது மேலயே அடிச்சிருந்தா, உள்ள ஈரத்தோட மூடி வச்ச புண்தான். கோட்டிங்கை ஸ்குரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. 'டங்'னு வந்தா சரி. மந்தமா 'தொப்'னு வந்தா அந்த இடத்தைச் சுரண்ட அனுமதி கேளுங்க.

கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி இருக்கே, எங்க பாஷையில ரன்னிங் போர்டு, அதுதான் இந்த ஊர்ல முதல்ல போற இடம். அதை விரல் நுனியால அமுக்கிக்கிட்டே போங்க. அடுத்தது கதவோட அடி விளிம்பு. அங்க தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். மண்ணு அடைச்சுக் கிடந்தா கதவுக்குள்ள தண்ணி நின்னிருக்குன்னு அர்த்தம். டிக்கியில மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்க. மீன் பெட்டி ஏத்துன வண்டின்னா இங்க தெரிஞ்சிரும். எத்தனை சென்ட் அடிச்சாலும் ஐஸ் உருகி வடிஞ்ச தண்ணியோட வேலை மறையாது.

பானெட்டைத் திறந்து ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் மேல வந்து முட்டுற இடத்தைப் பாருங்க. அங்க ஓட்டைன்னா வண்டியை விட்டுட்டு வாங்க, விலை பேசவே வேண்டாம். பிரேக் பைப் செதில் செதிலா உரிஞ்சிருந்தா பைப் மாத்துற செலவைக் கழிச்சுப் பேசுங்க. பொலிரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா மாதிரி பாடியைத் தாங்க அடியில தனிச் சேஸிஸ் சட்டம் இருக்கிற வண்டின்னா, அந்தச் சட்டம் பெட்டி மாதிரி, உள்ளுக்குள்ள வெத்திடம். வெளியில சுத்தமா இருந்தும் உள்ள தின்னுருக்கும். ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, விரலை விட்டுப் பாருங்க. பொடியா உதிர்றது மேல்துரு. அப்பளம் மாதிரி அடுக்கா வந்தா தகடே போயிருச்சு.

காந்தத்தை வச்சுச் சுத்தி வாங்க. ஒரு இடத்துல மட்டும் பிடி தளர்ந்தா அங்க பட்டி கனமா இருக்கு. பம்பர் பிளாஸ்டிக், அங்க ஒட்டாது, பதறாதீங்க.

இன்னொண்ணு, வெள்ளத்துல கிடந்த வண்டி. 2015 சென்னை, 2023 டிசம்பர்ல திருநெல்வேலி, தூத்துக்குடின்னு வெள்ளம் வந்த ஊர் வண்டி மலிவா வந்தா சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க. கடைசி ஒரு அடியில சேத்துக் கறை இருக்கான்னு பாருங்க. அதைக் கழுவ எல்லாரும் மறந்துருவாங்க.

வயரும் ஏசியும் சுருக்கமா: பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த் வயர் முனையில பச்சை பூத்திருந்தா எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டாம வாங்காதீங்க. கிரில் வழியா ஏசி கண்டென்சரைப் பாருங்க. அலுமினியத் தகடு வெள்ளையா பொடிஞ்சிருந்தா மாத்துற செலவு உங்களுக்குத்தான். ரேடியேட்டர் தண்ணியைத் தொட்டுப் பாருங்க. கலர் கூலன்ட் இல்லாம போர் தண்ணி ஊத்தியிருந்தா, அந்த வண்டியை வச்சிருந்தவர் எப்படிப்பட்டவர்னு புரிஞ்சுக்கலாம்.

ஃபோன் போட்டுப் பாருங்க

உள்நாடா வெளிநாடாங்கிற கேள்விக்கு உண்மையிலேயே உதவுற இடம் இதுதான். முன் கண்ணாடி, ஒரு ஹெட்லைட், முன் பம்பர், கண்டென்சர், சக்கரத்தைச் சஸ்பென்ஷன்ல பிடிச்சிருக்கிற கீழ் ஆர்ம். இந்த அஞ்சுக்கும் ராமநாதபுரத்துல ஒரு உதிரிபாகக் கடையிலயும் மதுரையில ஒரு கடையிலயும் விலையும் நாளும் கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடியே. "நாளைக்கு பஸ்ல போட்டு விடுறேண்ணே"ன்னு பதில் வந்தா அது நமக்கான வண்டி. "சென்னையில கேக்கணும், புக் பண்ணித்தான் வரவழைக்கணும்"னா, ஒரு சின்ன உரசலுக்கு வண்டி பட்டறையில வெயில் காயும். நான் இடவாடகை கேட்க மாட்டேன், ஆனா உங்களுக்கு வாடகைக் கார் செலவு ஆகும். முழுசா இறக்குமதியான வண்டிக்கு அந்தப் பதில்தான் வரும்.

கடையைச் சாத்திட்டுப் போன கம்பெனி வண்டின்னா இதை ரெண்டு மடங்கு கவனமா கேளுங்க. செவ்ரோலே 2017 முடிவுல இங்க விற்பனையை நிறுத்துச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்க உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சுச்சு. விலை இறங்கி நல்ல இஞ்சின் கிடைக்கும்தான், ஒத்துக்கிறேன். பதில் திருப்தியா இருந்தா வாங்குங்க.

என்னைக் கேட்டா? பேரு பெத்த வண்டி அடித்தகட்டைத் துரு தின்னு கிடந்தா அதுக்கு ஒரு பைசா கூடுதலா கொடுக்க மாட்டேன். மதுரை, திண்டுக்கல்னு உள்நாட்டுல நின்ன சாதா மாருதியோ டாடாவோ சுத்தமான அடியோட வந்தா கண்ணை மூடிட்டு எடுப்பேன். தொண்டியிலயோ ராமேஸ்வரத்துலயோ திறந்தவெளியில நின்ன வண்டின்னா, ஜெர்மன்காரன் செஞ்சிருந்தாலும் விலையைக் குறைச்சுத்தான் பேசுவேன். இன்னோவாவுக்கு இங்க ஜனங்க பேருக்காகவே அதிகம் கொடுக்குறாங்கங்கிறது என் அபிப்ராயம். அது நல்ல வண்டிதான், அதுல சண்டை இல்ல.

வாங்குன பிறகு

அடிக்கோட்டிங் அடிக்கணும்னா வெயில் காலத்துல அடிங்க. நல்ல தண்ணியில அடியைக் கழுவி, ரெண்டு நாள் காய வச்சு, துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேலதான் கோட்டிங். வடிகால் ஓட்டையை அடைக்க வேண்டாம்னு பட்டறையில நின்னு சொல்லுங்க. ரன்னிங் போர்டு உள்ள, சேஸிஸ் உள்ள மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்க. வெளிய அடிக்கிற கறுப்பை விட அதுதான் முக்கியம்.

போர் தண்ணி நிறைய இடத்துல உப்பு. அதுல தினமும் கழுவுறதுக்குக் கழுவாமலே இருக்கலாம். காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு பக்கெட் எடுத்து வையுங்க. விருந்தாளிகளை தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குக் கூட்டிட்டுப் போனா, ரெண்டு பக்கமும் கடல், காத்து மணலையும் உப்பையும் சேர்த்து அடிக்கும். அன்னைக்கு ராத்திரியே கழுவிருங்க, மேல இல்ல, அடியை. சக்கர வளைவுக்குள்ள கையை விட்டு மண்ணை எடுங்க. அங்கிட்டு இங்கிட்டு கருவேலங்காட்டு ஓரம் ஒதுக்கியிருந்தா டயர்ல முள் இருக்கான்னும் அப்பவே தடவிப் பாத்துருங்க. கழுவுன கையோட கவர் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். ஏர்வாடி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டி, நாலஞ்சு தடவ பிரேக் போட்டு டிஸ்க்கைக் காய வச்சு, அப்புறம் கொண்டாந்து நிறுத்துங்க.