பருப்பொருள் பாடத்துக்கு ஒரு பாட்டில் கடல்நீர் போதும்

தனிமம், சேர்மம், கலவை என்று கரும்பலகையில் கிளை கிளையாக வரைந்து மனப்பாடம் செய்யச் சொல்வதை விடுங்கள், வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. கலங்கலான கடல்நீரை மணலோடு ஒரு பாட்டிலில் அள்ளி வரச் சொல்லுங்கள். மணல் தனியாகத் தெரிகிறதா, அது பலபடித்தான கலவை. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினால் மணல் நின்றுவிடும், உப்பு நிற்காது. தெளிந்த நீர் மேலே எடுத்தாலும் அடியில் எடுத்தாலும் ஒன்றுதான், ஆக அது ஒருபடித்தான கலவை. அதையே அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு மிஞ்சும்.

இங்கேதான் கவனம். உப்பு என்றால் சேர்மம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சோடியமும் குளோரினும் வேதிமுறையில் இணைந்து ஒரே பொருளான சோடியம் குளோரைடு சேர்மம், சரி; ஆனால் தட்டில் மிஞ்சியதில் மக்னீசியம் குளோரைடு, கால்சியம் சல்பேட் எல்லாம் கூடவே இருக்கும், அதனால் அதுவும் கலவைதான். ஐப்பசி மழையில் வீட்டுக் கல்லுப்பு ஏன் கசிகிறது என்று கேட்டுப் பாருங்கள், காற்றின் ஈரத்தை இழுப்பது பெரும்பாலும் அந்த மக்னீசியம் குளோரைடுதான். அப்புறம் தனிமம், அதாவது வேதிமுறையில் இதற்கு மேல் எளிய பொருளாகப் பிரிக்க முடியாதது: சோடியத்தையும் குளோரினையும் வெயிலோ துணியோ பிரிக்காது, உப்பை உருக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அதை வகுப்பில் செய்ய வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.